கம்பி எந்தப் பக்கம்

கொங்கிறீட் தட்டைக் கீழே தாங்கி நின்ற முட்டுகளைக் கழற்றும்படி பயிற்சி ஆசிரியர் கனகசபை சேர் சொன்னபோது, மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர அசையவில்லை. கடைசியில் பாயிஸ்தான் சுத்தியலை எடுத்தான். ஓங்கிய சுத்தியலை அவன் அடிக்காமல் இறக்கியதைச் சேர் கவனித்தார்.

"ஏன், நீங்கள் போட்ட தட்டில உங்களுக்கே நம்பிக்கை இல்லையோ?"

மூவருக்கும் பயம்தான். அவர்கள் செய்து வைத்திருந்த காரியம் அப்படி.

கப்பல்துறைக் கிராமத்துக்கு உள்ளே இருந்த அந்தச் சின்னக் குளத்தில், மடைக் கதவைத் திருகித் திறக்கிறவர் நிற்பதற்கு ஒரு கொங்கிறீட் தட்டு வேண்டியிருந்தது. சுவரிலிருந்து தண்ணீருக்கு மேலே நாலடி நீட்டிக்கொண்டு, கீழே தூண் எதுவும் இல்லாமல் நிற்க வேண்டிய தட்டு. எழுபத்தாறாம் ஆண்டுப் பயிற்சி வகுப்பின் கடைசி வேலையாக அதைச் சோமசேகரம், பாயிஸ், வகுப்பின் ஒரே பெண்ணான சீதேவி ஆகிய மூவரிடமும் சேர் ஒப்படைத்திருந்தார். தட்டு நின்றால் சான்றிதழ். அந்தச் சான்றிதழை நம்பித்தான் சல்லி என்ற ஊரில் சோமசேகரத்துக்குப் பெண் பேசியிருந்தார்கள்.

படத்தைச் சேர் தானே கீறியிருந்தார். அதில் ஒரு அங்குலம் மாற்றினாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்பது அவருடைய சட்டம். போன வருடம் ஒருவன் போயும் இருந்தான். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, சேர் உப்புவெளியில் தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வேலையைப் பார்க்க நாலு நாள் லீவில் போய்விட்டார்.

கம்பி கட்டத் தொடங்கிய அன்றே சீதேவிக்குச் சந்தேகம் வந்தது. படத்தில் கம்பிகள் தட்டின் அடிப்பக்கத்தில் இருந்தன. பாரம் ஏறி நுனி தாழும்போது மேற்பக்கம்தானே இழுபட்டு வெடிக்கும் என்றாள். சேர் பிழை விடமாட்டார் என்றான் சோமசேகரம். பாயிஸ் இரண்டு பேரோடும் கதைக்காமல், சீமெந்துச் சாந்தில் முழ நீளத்தில் இரண்டு துண்டுகள் வார்த்தான். ஒன்றில் கம்பி கீழே, மற்றதில் மேலே.

மூன்றாம் நாள் இரண்டையும் சுவர் விளிம்பில் நீட்டி வைத்து, பின்பக்கத்தைக் கல்லால் அழுத்திவிட்டு, நுனியில் செங்கல் ஏற்றினார்கள். கம்பி கீழே இருந்த துண்டு முதல் செங்கலிலேயே முறிந்தது. மற்றது மூன்றைத் தாங்கியது.

சோமசேகரம் முறிந்த துண்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். கலியாணத்தை நினைத்தானோ, அந்தத் தட்டில் ஏறி நிற்கப்போகிற ஆளை நினைத்தானோ தெரியாது.

"மேல கட்டுவம்," என்றான். "கேட்டா, நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

மறுநாளே கொங்கிறீட் போட்டு மூடிவிட்டார்கள். லீவு முடிந்து வந்த சேர் மேலே தட்டிப் பார்த்து, நல்லது, நாலு கிழமை இறுகட்டும் என்றார். அந்த நாலு கிழமையும் மூவருக்கும் சோறு இறங்கவில்லை.

கடைசி முட்டும் விழுந்தது. தட்டு நின்றது. பன்னிரண்டு மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். சேர் முழங்காலை ஊன்றி நுனியை அளந்து பார்த்தார். அது இறங்கியதாகவே தெரியவில்லை. எழும்பிக் காற்சட்டையைத் தட்டிவிட்டு, மூன்று பேருடைய சான்றிதழ்த் தாள்களையும் எடுத்துப் பேனையைத் திறந்தார்.

சோமசேகரத்தால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சேர், படத்தில இருந்த மாதிரி நாங்கள் போடேல்ல."

கம்பியை மேலே மாற்றியதையும், ஏன் மாற்றினார்கள் என்பதையும் ஒன்றும் விடாமல் சொன்னான். முடிவு தன்னுடையது, மற்ற இருவரையும் விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டான்.

சேர் பேனையை மூடினார். படத்தை வாங்கி விரித்தார். விரலால் ஒரு கோட்டைத் தொட்டபடி அப்படியே நின்றார். கோபமா இல்லையா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

பாயிஸுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "எங்களச் சோதிச்சுப் பாக்கத்தானே சேர், வேணுமெண்டு பிழையாக் கீறித் தந்தீங்க?"

மற்ற இருவர் முகமும் தெளிந்தது. இதற்கா ஒரு மாதம் பயந்து செத்தோம் என்று சீதேவிக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சேர் நின்றபடியே மூன்று தாளிலும் கையெழுத்து வைத்தார். மணி என்ன என்று கேட்டார். ஒன்பதரை என்றாள் சீதேவி. மோட்டார் சைக்கிளை நோக்கி நடக்கத் தொடங்கினார். பாதித் தூரத்தில் அந்த நடை ஓட்டமாக மாறியது. சோமசேகரம் பின்னாலேயே ஓடிப்போய் என்ன அவசரம் என்று கேட்டான்.

"பத்து மணிக்கு மேசன் எங்கட வீட்டு பெல்கனிக்கு முட்டுக் கழட்டுறான்," என்றார் சேர். "அதுக்கும் இதே படந்தான்."