சத்தமில்லாத பதினேழு நிமிடம்

ஜெசிந்தாவின் செல்போனில் அவள் கணவர் லூர்துவின் கடைசிப் பேச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்று நிமிடம் பேசிவிட்டு அவர் கண்ணை மூட, அவள் டாக்டரைத் தேடி ஓடினாள். திரும்பி வரும்வரை, தலையணையருகே போன் மேலும் பதினேழு நிமிடம் பதிந்துகொண்டே இருந்தது.

“மவளுக்கு அனுப்பணும் தம்பி. ஃபைலு ரொம்பப் பெருசா இருக்கு, சின்னதாக்கித் தாங்க.”

ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த சேர்மராஜ் விளக்கினான். “ஒரு நொடிச் சத்தத்துக்கு ஒதுக்குற இடத்துக்குப் பேரு பிட்ரேட்டு. அதுக்கு ரெண்டு வழி இருக்குக்கா. நிலையான பிட்ரேட்டுன்னா எல்லா நொடிக்கும் ஒரே அளவு இடம். சராசரின்னா பேச்சுக்கு நெறைய, சும்மா கெடக்குற நேரத்துக்குக் கொஞ்சம். நமக்குச் சராசரியே போதும்.”

முடிந்ததும் திரையைப் பார்த்தான். பேச்சுக்கு மென்பொருள் கொஞ்சம்தான் ஒதுக்கியிருந்தது. மீதி முழுவதையும் மௌனத்துக்குக் கொடுத்திருந்தது. ஹெட்போனில் கேட்டான், மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. மறுபடி செய்தான். அதேதான் வந்தது.

“அந்த எடத்துல ஒண்ணுமே இல்லக்கா. வெட்டிரவா?”

ஜெசிந்தா ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் “ம்” என்றாள். பிறகு மெதுவாக, “ம், சொல்லுங்க” என்றாள். சேர்மராஜ் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

பதினேழு நிமிடமும் கேட்டுவிட்டுக் கழற்றியபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

“பேசுனத மட்டும் மவளுக்கு அனுப்புங்க தம்பி. மிச்சத்தக் கொறையில்லாம எனக்குத் தாங்க. அவ கேக்க வேண்டாம்.”

சேர்மராஜ் நிலையான பிட்ரேட்டை, அதிலும் உச்ச அளவை வைத்தான். அந்தப் பதினேழு நிமிடத்தில் ஒரு நொடிக்குக்கூட இடம் குறையாது.