நிலா பார்க்க அழைத்த சங்கு

இருட்டிய பிறகு சங்கின் மேல் டொக் டொக்கென்று ஏதோ தட்டியது. உள்ளே முட்டைகளோடு படுத்திருந்த ரெஜினா நண்டு விழித்துக்கொண்டாள். அவளும் கணவன் அமலனும் தீவைச் சுற்றிப் பார்க்க வந்து மூன்று நாளாகிறது. போகிற இடமெல்லாம் தன் சங்கைக் கழற்றிவிட்டு வேறு சங்குக்குள் புகுந்து பார்ப்பது அவனுக்குப் பழக்கம்.

"நிலா பார்க்கலாம், வெளியே வாம்மா."

எட்டிப் பார்த்தாள். வெளியே நின்ற சங்கு அமலனுடையதுதான். நீட்டியிருந்த கால்கள் அவனுடையவை அல்ல.

"எங்க வீட்டுக்காரர் எங்கே?"

"பெரிய சங்கு ஒண்ணைப் போட்டுப் பார்க்கறேன்னு இதைக் கழற்றினார். நான் குடிவந்துட்டேன். பாவம், வாய்க்கு மெத்துமெத்துன்னு இருந்தார்."

"மாதாவே!"

"நீயும் கொஞ்சம் கழற்றேன். முட்டைகளை நான் பார்த்துக்கறேன்."

ரெஜினா முட்டைகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பெரிய கொடுக்கைச் சங்கின் வாயில் குறுக்கே வைத்து, உள்ளிருந்து தாழ்போட்டாள்.