தேன்மெழுகு இல்லாத கிரீம்

தியாகராய நகர் அழகுப் பொருள் கடையில், ஞானதாஸ் இன்னொரு கிரீம் டப்பாவையும் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல தேன்மெழுகு கீதும்மா."

"தேனீ கட்டுற மெழுகுதான சார். அதுல இன்னா தப்பு?" என்றாள் விற்பனைப் பெண் ஃபிசா.

"தேனீயும் ஒரு உசுருதாம்மா. பால், தேன், ஆட்டு ரோமத்துல எடுக்கற கொழுப்பு எதுவும் கூடாது. மிருகத்துக்குத் தடவி சோதனை பண்ணதும் வேணாம். என் பொண்ணு லிசா அப்டிதான் வாங்குவா."

ஃபிசா உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தாள். "இது முழுக்க வீகன் சார். செடி கொடியில எடுத்ததுதான். லிசாவுக்கு முகத்துக்கா?"

"அவளுக்கு இல்லம்மா. எனக்கு."

"நீங்களும் வீகனா சார்?"

ஞானதாஸ் சிரித்தார். "கிண்டியில கறிக்கடை வச்சிருக்கேம்மா."

ஃபிசா டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்கு லிசாவுக்குக் கல்யாணம். கோயிலுக்குக் கெளம்பசொல்ல அப்பன்தான் அவ நெத்தியில சிலுவை போட்டு அனுப்பணும்" என்றவர், கைகளைக் கவுண்டருக்குக் கீழே இறக்கிக்கொண்டார். "எவ்ளோ சோப்பு போட்டாலும் வெரல்ல கொழுப்பு வாடை போவ மாட்டேங்குது. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. மூச்சை மட்டும் புடிச்சிக்கினு நிப்பா. நாளைக்கு ஒரு நாளாவது அவ மூச்சு வுடட்டும்."

ஃபிசா டப்பாவைத் திறந்தாள்.

"கைய மேல வைங்கப்பா."