எனக்கெதுக்குங்க

அறையில் இருந்தவர்கள்: மாநாட்டின் நார்வே நாட்டுத் தலைவி, பெரு நாட்டு மொழியாசிரியர் ஒருவர், ஒரு காவலாளி, திண்டுக்கல் பள்ளியின் தமிழாசிரியை பூங்கோதை, அவருடைய தலைமையாசிரியர் வெள்ளைச்சாமி. எல்லார் காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி இருந்தது. அது வந்த பிறகு எந்த நாட்டிலும் மொழி வகுப்பு தேவைப்படவில்லை. உலகத்தில் ஒரே ஒரு வகுப்பை மட்டும் விட்டுவைப்பதென்று கல்வி மாநாடு முடிவு செய்திருந்தது. அது கிடைக்காவிட்டால் பூங்கோதைக்கு வேலை போய்விடும்.

"உங்கள் வகுப்பையே வைத்துக்கொள்கிறோம். சம்மதமா?" என்று தலைவி பூங்கோதையிடம் கேட்டார்.

வெள்ளைச்சாமி வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். "ஒடனே சரின்னுடாதீங்க டீச்சர். அலையிறோம்னு நெனப்பாங்க. மூணாவது தடவ கேக்கட்டும்."

பூங்கோதை நெளிந்தார். "ஐயோ, எனக்கெதுக்குங்க? வேற யாருக்காச்சும் குடுங்க."

கருவி அதைப் பிசகாமல் மொழிபெயர்த்தது. தலைவி நன்றி சொல்லிவிட்டுப் பெரு நாட்டவர் பக்கம் திரும்பினார். அந்த ஆசிரியர் கேள்வி முடிவதற்குள் சம்மதித்துவிட்டார்.

வெள்ளைச்சாமி பதறி எழுந்தார். "மேடம், அவங்க சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க!"

தலைவியின் முகம் மாறியது. "மாநாட்டில் பொய் சொன்னாரா?"

காவலாளி இருவரையும் வெளியே கொண்டுவந்து விட்டார். பூங்கோதை அழுததைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை. "நான் உள்ளே போய் உங்களுக்காக இன்னொரு முறை கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார்.

"அடடா, உங்களுக்கெதுக்குங்க சிரமம்?" என்றார் வெள்ளைச்சாமி.

காவலாளி தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பூட்டினார்.