மூன்றாவது மீன்

"மெழுகுவர்த்தியை எதுக்கு அதுல போட்டுத் தேய்க்கிறீங்க?"

மனைவி கேட்டதும் அவர் திடுக்கிட்டுப்போய், கையில் இருந்த மரமீனைத் துணிக்குள் மறைத்தார்.

"மரம் கொஞ்சம் சொரசொரன்னு இருந்துச்சு. நீ போய் உன் வேலையைப் பாரு."

தூண்டிலில் புழுவுக்குப் பதிலாக மாட்டுகிற பொய்மீன்களைச் செய்வதுதான் அந்த வீட்டுத் தொழில். அண்ணனான இவர் மரத்தில் செதுக்குவார். தம்பி அதற்கு வர்ணம் அடித்து, மேலே தண்ணீர் புகாமல் பளபளவென்று ஒரு பூச்சுக் கொடுப்பான்.

"நீங்க செதுக்கினா மீன் மாதிரி இருக்கு. தம்பி கைபட்டா மீனாவே ஆயிடுது," என்பார் கடைக்காரர். அண்ணன் முகத்துக்கு நேராகவே சொல்வார்.

அந்தக் கடைக்காரர்தான் முந்தின நாள் பெரிய ஆர்டரோடு வந்திருந்தார்.

"பாறையில அடிபட்டாலும் உரியக்கூடாது. எந்தப் பூச்சுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? கார் பூச்சுதான்," என்றான் தம்பி. கார்களுக்கு மேலே அடிக்கிற, சீக்கிரம் கெட்டியாக ஹார்டனர் மருந்து கலந்த பூச்சு. ரெண்டு வருஷமாக அவன் வேறு எதையும் தொடுவதில்லை.

"எதுக்கும் சோதிச்சுப் பார்த்துடுவோம்," என்றார் அண்ணன்.

மறுநாள் மூன்று மரமீன்களை எடுத்துக் கொடுத்தார். "இது வார்னிஷுக்கு. இது எபாக்ஸி பிசினுக்கு. இது உன் கார் பூச்சுக்கு."

தம்பி வாங்கிக்கொண்டு போய்ப் பூசினான். தடவிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் கொடுத்த மரத்தை அவன் என்றைக்குமே தடவிப் பார்த்ததில்லை.

பூச்சு இறுகியதும் மூன்றும் வாளித் தண்ணீரில் ஊறின. மொட்டைமாடி வெயிலில் காய்ந்தன. பிறகு கடைக்காரர் கண்ணெதிரே தம்பியே அவற்றைத் தூண்டில் நரம்பில் கட்டி, ஜல்லிக் குவியல் மேல் தரதரவென்று இழுத்தான்.

வார்னிஷ் மீனில் கீறல் விழுந்தது, அவ்வளவுதான். எபாக்ஸி வெயிலிலேயே மஞ்சளடித்துப் போயிருந்தது. மூன்றாவது மீனில் கார் பூச்சு, வர்ணத்தையும் சேர்த்துக்கொண்டு, வயிற்றுப் பக்கமாகத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா, இதையா இத்தனை நாளா தலையில தூக்கி வெச்சு ஆடினே?" என்றார் கடைக்காரர். "வார்னிஷே அடிச்சுக் கொடுத்துடுங்க."

வாசலில் நின்ற மனைவி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அன்று அவருக்குச் சோற்றுத் தட்டு மேஜைமேல் வந்து விழுந்த சத்தமே போதுமானதாக இருந்தது.

தம்பி வார்னிஷ் டப்பாவைத் திறந்தான். ஆனால் மனசு ஆறவில்லை. ஒருநாள் உரிந்த மீனை எடுத்து, வெறும் மரம் தெரிந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். ஊறவேண்டிய தண்ணீர் முத்து மாதிரி உருண்டு ஓடியது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

நேராக அண்ணன் முன்னால் வந்து நின்றான்.

"மெழுகு தடவினியா?"

அண்ணன் உளியைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்லவில்லை.

"என் பூச்சை அந்த ஆள் புகழ்ந்தது உனக்கு அவ்வளவு எரிஞ்சுதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விலகியிருப்பேன்." இருமல் வந்து பேச்சை மறித்தது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பாவுக்கு அப்புறம் நீதான்னு இருந்தேன்ணா."

துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு அவன் படியிறங்கியபோதும் அண்ணன் எழுந்திருக்கவில்லை.

மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"கூடப்பிறந்தவன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டீங்களே. நீங்கல்லாம் ஒரு அண்ணனா?"

"அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா?"

"வெறும் சளின்னுதானே சொன்னீங்க."

"உன்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னதே அவன்தான். அந்த ஹார்டனர் வாடை நெஞ்சைத் தின்னுக்கிட்டிருக்கு. இன்னும் அடிச்சா மூச்சு விடவே மெஷின் வைக்கணும்னு டாக்டர் சொல்றாரு, இவன் சிரிக்கிறான். வார்னிஷ் அடிச்சா என் பேரு போயிடும்கிறான். மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன், ஆணியில தொங்குது. டப்பாவைத் தூக்கி எறிஞ்சேன், வேற டப்பா வந்துச்சு. நான் சொல்லித்தான் கேக்கலை, அந்தப் பூச்சே தோத்துப்போனா விட்டுடுவான்னு நினைச்சேன்."

மனைவி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பவாவது அதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தினா? மறுபடியும் இதே ரூம்ல உட்கார்ந்து அதையேதான் அடிப்பான். என்மேல இருக்கிற வெறுப்புல இந்தத் தொழிலையே உதறிட்டுப் போறான். போகட்டும். நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்."

பொறாமையே இல்லையா என்று அவள் கேட்டிருந்தால், இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வந்திருக்குமோ என்னவோ. அவள் கேட்கவில்லை.

மிச்சமிருந்த மீன்களுக்கு அவரே வார்னிஷ் அடித்து முடித்தார்.

ஆர்டரை எடுத்துப்போகக் கடைக்காரர் வந்தார். ஒரு மீனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் சுரத்தே இல்லை.

"தம்பி கை இல்லையே, அதான்," என்றபடி பெட்டியை மூடினார். "நேத்து அவனைப் பார்த்தேன். மெயின் ரோட்டு கார் ஒர்க்‌ஷாப்ல பெயின்ட் அடிக்கச் சேர்ந்திருக்கான். காலையில அந்த அடைச்ச ரூமுக்குள்ள போனா, சாயங்காலம் வரைக்கும் அதே பூச்சுதான். பழகின கையாச்சே, முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. பிழைச்சுக்குவான்."