திருப்பிக் கொடுக்க வேண்டிய போன்

"அடுத்த மாசம் இதைவிட நல்ல மாடல் வருதாம். திருப்பிக் குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாள்," என்று சேவியர் மனைவியின் முகத்துக்கு நேராக நின்று, உதட்டசைவு புரியும்படி நிதானமாகச் சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனான். பிறவியிலேயே காது கேளாத அமலோற்பவம் அரைமனதோடு புதுப் போனை எடுத்தாள். பெட்டியில் வைக்கும் முன், சுற்றிலும் கேட்கும் சத்தத்தை எழுத்தில் காட்டும் வசதியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

'தண்ணீர்' என்று காட்டியது. 'காகம்' என்றது. பிறகு, 'ஒருவர் பாடுகிறார்'.

தெருவை எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. கொல்லைப்பக்கம் நடக்க நடக்க, எழுத்துக்குக் கீழே துடித்த கோடு உயர்ந்துகொண்டே போனது. அங்கே சேவியர் மட்டும் முதுகைக் காட்டிக் குனிந்து அவளுடைய சேலையை அலசிக்கொண்டிருந்தான்.

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறாள். இந்த மனிதன் பாடுவான் என்று அவளுக்குத் தெரியாது.

அவள் நிழல் பட்டுத் திரும்பியவன் சட்டென்று வாயை மூடினான். கோடு படுத்துவிட்டது.

"கடைக்குப் போகலியா?"

அவள் தலையசைத்து மறுத்தாள். திரையை அவனிடம் காட்டி, 'பாடு' என்று கையசைத்தாள். கூச்சத்தில் அவன் காது சிவந்தது. திரும்பி, மறுபடி வாளிக்குள் குனிந்துகொண்டான். அவள் துவைகல்லில் உட்கார்ந்து, இமைக்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.