மேனேஜர் ஜெப்சனின் இடைவேளைப் பேச்சு

ஜெப்சன் பேச ஆரம்பித்து வெகுநேரம் ஆகியும் ஒருத்தன்கூட எதிர்த்துப் பேசவில்லை.

இது புதுசு. மஞ்சக்குட்டை கால்பந்து அணிக்கு அவன் மேனேஜரான நாளிலிருந்து இடைவேளை என்றாலே சண்டைதான். அவன் ஒன்று சொன்னால் கோல்கீப்பர் யுவராஜ் ஒன்பது சொல்வான். கடைசியில், "நீங்க விளையாடி என்னத்தைங்க கிழிச்சீங்க?" என்று மரியாதையாகவே கேட்டுவிட்டுப் போவான்.

சேலத்தில் மூன்றாம் டிவிஷனில் முடி கொட்டும் வரைக்கும் ஆடியவன் ஜெப்சன். ஆடினான் என்பதைவிட, ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தான் என்பதே சரி. போட்டது மொத்தமே ஒரு கோல். அதை இன்றைக்கும் சேலத்தில் பேசுகிறார்கள் என்று அவனே சொல்வான். எப்படிப் போட்டாய் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

இன்று மாதா கோயில் கோப்பையின் பைனல். எதிரணி வாழவந்தி. பாதி ஆட்டம் முடிந்து இரண்டு பக்கமும் கோல் இல்லை.

மூடுபனி மைதானத்தையே விழுங்கியிருந்தது. அதற்காக யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பனி இறங்கியதென்று நிறுத்தினால் ஏற்காட்டில் வருஷத்தில் பாதி நாள் ஆட்டமே நடக்காது.

இடைவேளை விசில் ஊதியதும் ஜெப்சன் ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான். பிறகு பேச்சுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பையன்கள் கம்பளியைப் போர்த்தி, குரங்குக் குல்லாவை இழுத்து மாட்டி, வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கண்கள் மட்டும்தான் வெளியே. ஜெப்சனின் மூக்குக் கண்ணாடி ஈரத்தில் மங்கிப்போய், அவனுக்கு அதுவும் தெரியவில்லை.

யாரோ காப்பி டம்ளரைக் கையில் திணித்தார்கள். வாயில் வைத்தால் சர்க்கரை!

அவனுக்குச் சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து மனைவி லூர்துசெல்வி மொத்த அணிக்குமே கசப்புக் காப்பிதான் கொண்டுவருவாள். பைனல் என்பதால் மனம் இரங்கிவிட்டாள் போல. ஜெப்சன் உருகிப்போனான்.

இன்றைக்குத் தோற்றால் மேனேஜர் பதவி அவன் மச்சான் பாக்கியநாதனுக்குப் போய்விடும். காலையிலேயே ஊர்க் கமிட்டியில் பேசி முடித்துவிட்டார்கள். பந்து உருண்டையானது என்பதைத் தவிர கால்பந்து பற்றி பாக்கியநாதனுக்கு வேறெதுவும் தெரியாது. ஆனாலும் புது விசில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஜெப்சனுக்குப் பந்துக்குக் காற்றடிக்கும் வேலை தருவதாகப் பெருந்தன்மையோடு சொல்லியும் இருந்தார்.

அதனால் மனசில் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் இன்று கொட்டினான்.

"யுவராஜு, கண்ணு, கோவிச்சுக்காத. தலைக்கு மேல பந்து வந்தா நீ கண்ண மூடிக்கற. வாழவந்திக்காரனுக்கு இது தெரிஞ்சா அத்தோட நம்ம கதை முடிஞ்சுது. ஷெர்வினு, சாமி, உன்ற இடது முட்டி வீங்கிக் கெடக்குது. உன்ற பக்கம் எவன் ஓடி வந்தாலும் உன்னால புடிக்க முடியாது. நொண்டாம நில்லு, அது போதும்."

ஒரு கம்பளி மட்டும் குலுங்கியது. குளிர் என்று நினைத்தான்.

குச்சியை எடுத்து ஈரமண்ணில் கோடு கிழித்தான். நான் வாழவந்தி மேனேஜராக இருந்தால் ஷெர்வின் பக்கமாக ஓடவிட்டு, யுவராஜின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போடச் சொல்வேன், அது மட்டும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். குல்லாக்கள் எல்லாம் குனிந்து கோட்டைப் பார்த்தன.

"சரிங்க சார்" என்றது ஒரு குல்லா.

சார்! ஜெப்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்போதுதான் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து லூர்துசெல்வியின் குரல் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க! எங்கீங்க போனீங்க? நம்ம பசங்க இங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கறாங்க, காப்பி ஆறிப்போச்சுங்க!"

ஜெப்சன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான்.

கம்பளிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எல்லாம் நல்ல உயரம். மஞ்சக்குட்டையில் அந்த உயரத்துக்கு ஆளே கிடையாது.

"நொம்ப நன்றிங்க சார்" என்றான் வாழவந்தி கேப்டன். "எங்க மேனேஜரு பஸ்ஸ உட்டுட்டாருங்க. யாரு சொல்லிக் குடுப்பாங்கன்னு முழிச்சுக்கிட்டு இருந்தோமுங்க."

விசில் ஊதிவிட்டார்கள்.

ஜெப்சன் விழுந்தடித்துக்கொண்டு தன் ஆட்கள் பக்கம் ஓடினான். யாரையாவது பிடித்து எதையாவது சொல்வதற்குள் பந்து உருளத் தொடங்கிவிட்டது. பனி கொஞ்சம் விலகியது. மூச்சிரைக்கக் கோட்டோரமாக நின்று கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டினான்.

வாழவந்திக்காரன் ஒருவன் ஷெர்வின் பக்கமாக ஓடினான். ஷெர்வின் நொண்டாமல் நின்றான். பந்து உயரமாகக் கிளம்பியது. யுவராஜ் கண்ணை மூடினான்.

எல்லாம் மண்ணில் கிழித்த கோட்டின்படியே நடந்தது. ஜெப்சன் சொன்னதைச் சொன்னபடி ஒருவர் ஆடிக் காட்டுவது இதுதான் முதல் தடவை. வலை குலுங்கியபோது அவனுக்குள் என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது.

"கோல்!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தான்.

மைதானமே திரும்பிப் பார்த்தது. லூர்துசெல்வி தலையில் கை வைத்தாள். பாக்கியநாதன் பையிலிருந்து விசிலை எடுத்துத் துடைத்தார்.

சேலத்தில் அந்த ஒரே கோலைப் போட்ட அன்றைக்கும் இப்படித்தான். குதித்து, கத்தி, சட்டையைக் கழற்றிச் சுழற்றி முடித்த பிறகுதான் ஜெப்சன் அது எந்தப் பக்கத்து வலை என்று திரும்பிப் பார்த்தான்.